வயல் நடுவே ஒரு விமானத்தளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே ஒரு கம்பி வேலி. உள்ளே நீளமாகப் புல்தரை, ஒரு தகரக் கொட்டகை, நாலைந்து சின்ன விமானங்கள். இப்படிப்பட்ட இடத்தில் கொஞ்ச காலம் கிடந்தால் போதும், வேலியோரம் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்ப்பவர்கள் என்ன கேட்பார்கள் என்பது மனப்பாடமாகிவிடும். பாதிக் கேள்விகள் வேலிக்கு உள்ளே இருப்பதைப் பற்றி, மீதி வெளியே இருப்பதைப் பற்றி. பதில் சொல்லப் போனால் இரண்டையும் பிரிக்க முடியாது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

இதை விமான நிலையம் என்று சொல்லலாமா?

டிக்கெட் கவுன்ட்டரும் பெட்டிச் சோதனையும் இல்லாததால் எனக்கு 'விமானத்தளம்' என்ற சொல்தான் பிடிக்கும். விமானம் ஏறி இறங்க ஒதுக்கிய நிலம், அவ்வளவுதான். ஆனால் இது ஏதோ அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் எல்லோரும் பயன்படுத்தக்கூடிய தளங்கள் ஏறக்குறைய 5,000. அவற்றில் பயணிகள் விமானம் வந்து போவது சுமார் 500-ல் மட்டுமே. மற்றதெல்லாம் இந்த ஜாதிதான்.

கட்டுப்பாட்டுக் கோபுரமே இல்லையே, இறங்க யார் அனுமதி கொடுக்கிறார்கள்?

யாரும் இல்லை. பைலட்டே பார்த்து முடிவெடுக்கிறார்.

கேட்பவருக்குத் தூக்கிவாரிப் போடும், ஆனால் இதில் ஒழுங்கு இருக்கிறது. தளத்துக்கென்று ஒரு பொது ரேடியோ அலைவரிசை உண்டு. வருகிறவர் தான் எங்கே இருக்கிறேன், எந்த உயரம், என்ன செய்யப் போகிறேன் என்று அதில் சொல்லிக்கொண்டே வருவார். பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும் என்பதில்லை. சுற்றுவட்டாரத்தில் இருக்கும் மற்றவர்கள் காதில் விழுந்தால் போதும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் 'கீய்ய்' என்று ஒரு சத்தம்தான் வரும், இருவர் சொன்னதும் போச்சு. அதனால் சுருக்கமாகப் பேசுவதே இங்கே மரியாதை.

எல்லோரும் ஒரே பாதையில் சுற்றி வர வேண்டும் என்பது அடுத்த ஏற்பாடு. ஓடுபாதையை ஒரு பக்கமாக வைத்து வானத்தில் ஒரு செவ்வகம் வரைந்துகொள்ளுங்கள். தரையிலிருந்து பெரும்பாலும் 1,000 அடி, அதாவது 300 மீட்டர் உயரம். வழக்கமாகத் திருப்பமெல்லாம் இடப்பக்கம், ஏனென்றால் பைலட் உட்காருவது இடது இருக்கையில். திரும்பும் பக்கம் தளம் அவர் கண்ணில் படும். பழைய விமானங்கள் சிலவற்றில் ரேடியோவே கிடையாது. அவர்களுக்கு இந்தச் செவ்வகமும் கண்ணும்தான் துணை.

கம்பத்தில் தொங்கும் ஆரஞ்சுப் பை?

காற்றுப்பை. எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கம் காற்று போகிறது. அதற்கு எதிர்த்திசையில்தான் ஏறுவதும் இறங்குவதும். அமெரிக்க அளவுப்படி செய்த பை, மணிக்கு சுமார் 28 கிலோமீட்டர் வேகக் காற்றில் விறைத்து நேராக நிற்கும். துவண்டு தொங்கினால் காற்று இல்லை. போனில் வானிலை பார்ப்பவர்கள்கூட இறங்கும் முன் ஒருமுறை இதைப் பார்க்காமல் இருக்க மாட்டார்கள். மரக்கூட்டத்துக்குப் பின்னால் காற்று எப்படிப் புரளுகிறது என்பது போனுக்குத் தெரியாது.

ஓடுபாதையின் இந்த முனையில் 09, அந்த முனையில் 27. இது என்ன கணக்கு?

திசைகாட்டிக் கணக்கு. காந்த வடக்கிலிருந்து எத்தனை டிகிரி என்று எடுத்து, கிட்டிய பத்துக்குச் சரிசெய்து, கடைசிப் பூஜ்யத்தை விட்டுவிடுவார்கள். 90 டிகிரி 09 ஆகும், 270 டிகிரி 27 ஆகும். எந்தத் தளத்துக்குப் போனாலும் இரு முனை எண்களுக்கும் வித்தியாசம் 18.

காந்த வடக்கு ஒரே இடத்தில் நிற்பதில்லை, மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் ஓடுபாதை அசையாமல் கிடந்தாலும் அதன் பெயர் மாற வேண்டி வரும். லண்டனின் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் 05/23 என்று இருந்ததை 2009-ல் 04/22 என்று மாற்றி எழுதினார்கள்.

600 மீட்டர் புல்தரை ஒரு விமானத்துக்குப் போதுமா?

இதற்கு 'போதும்' என்று சட்டென்று சொல்பவரை நம்பாதீர்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

உலகில் மிக அதிகமாகத் தயாரிக்கப்பட்ட விமானம் செஸ்னா 172. 1955-ல் முதலில் பறந்தது, இதுவரை 44,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள். நாலு பேர் உட்காரலாம். அதன் 172எஸ் வகை முழுப் பாரத்தோடு கிளம்பி 15 மீட்டர் உயரம் எட்டுவதற்குச் சுமார் 500 மீட்டர் தேவை என்கிறது கையேடு. இது கடல்மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில், கெட்டியான தார் அல்லது சிமென்ட் தரையில். நம்மிடம் இருப்பது புல். பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் சிறு விமான ஓட்டிகளுக்கென்று சொல்லும் கணக்குப்படி, காய்ந்த புல்லுக்கு 1.2-ஆல் பெருக்க வேண்டும். 600 மீட்டர் ஆச்சு.

அப்புறம் வெயில். ஒவ்வொரு 10 டிகிரி கூடுதலுக்கும் ஒரு 1.1. இன்று 35 டிகிரி என்றால் இரண்டு முறை பெருக்க வேண்டும், 726 மீட்டர். சூடான காற்று மெலிந்த காற்று. இறக்கைக்கும் பிடிப்பு குறைவு, ப்ரொப்பெல்லருக்கும் பிடிப்பு குறைவு, எஞ்சினுக்குப் போகும் மூச்சும் குறைவு. மூன்றும் ஒரே நேரத்தில் காலை வாரும். இதன்மேல் பாதுகாப்புக்கென்று 1.33-ஆல் பெருக்கச் சொல்கிறார்கள். 966 மீட்டர்.

ஆக, 600 மீட்டர் போதாது. ஆனால் தினமும் இங்கே விமானம் ஏறிக்கொண்டுதானே இருக்கிறது? ஏறுகிறது, ஆள் குறைத்து, எரிபொருள் குறைத்து, விடியற்காலைக் குளிரில், எதிர்க்காற்று இருக்கும் நேரம் பார்த்து. பாரம் பத்து சதவீதம் ஏறினால் தேவைப்படும் தூரம் இருபது சதவீதம் ஏறும், குறைத்தாலும் அதேபோல் லாபம். மத்தியானம் இங்கே ஆளரவமே இல்லையே என்று கேட்பவர்களுக்கும் பதில் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

மழை பெய்தால் இறங்குவதிலும் சிக்கல். ஒட்ட வெட்டிய ஈரப்புல்லில் பிரேக் பிடிப்பது சோப்புத் தண்ணீரில் நடப்பது போல. நிற்க வேண்டிய தூரம் 60 சதவீதம்வரை கூடலாம். அதனால் மழைக்கு மறுநாள் முதலில் ஒருவர் ஓடுபாதை முழுக்க நடந்து பார்ப்பார். குதிகாலை ஊன்றி அழுத்துவார், எங்கே அமுங்குகிறது, எங்கே தண்ணீர் கசிகிறது, எங்கே எலி வளை தோண்டியிருக்கிறது என்று. இதற்கு இன்னும் நல்ல கருவி எதையும் நான் பார்த்ததில்லை.

ஓடுபாதையில் மட்டும் வெட்டிவிட்டு, பக்கத்தில் புல்லை முழங்கால் அளவுக்கு வளரவிட்டிருக்கிறீர்களே, சோம்பலா?

முழங்கால் அளவு இருந்தால் சோம்பல்தான். 15 முதல் 20 சென்டிமீட்டர் என்றால் அது வேண்டுமென்றே விட்டது, விமானத்தில் மோதக்கூடிய பறவைகளை ஒதுக்கி வைக்க. அந்த உயரப் புல்லில் இறங்கினால் பறவைக்குச் சுற்றிலும் கண் தெரியாது, எதிரி வந்தாலும் தெரியாது, தரையில் புழு பொறுக்குவதும் கஷ்டம். அதனால் வேறு இடம் தேடிப் போய்விடும். ஒட்ட வெட்டிய புல் பறவைக்கு வைத்த பந்தி.

வேலிக்கு வெளியே யாராவது குப்பை கொட்டத் தொடங்கினால் இந்த ஏற்பாடெல்லாம் வீண். கழிவு கொட்டும் இடம் சிறு பிஸ்டன் விமானத் தளத்திலிருந்து குறைந்தது 5,000 அடியும், ஜெட் போன்ற டர்பைன் விமானங்கள் வரும் தளத்திலிருந்து 10,000 அடியும் தள்ளியிருக்க வேண்டும் என்பது அமெரிக்க அரசின் பரிந்துரை.

எங்கள் நிலத்தில் இருக்கும் மரத்தை வெட்டச் சொல்ல இவர்கள் யார்?

கோபம் நியாயமானது. மரம் உங்களுடையது, நிலம் உங்களுடையது. அதன்மேல் இருக்கும் வானத்தில்தான் சிக்கல்.

ஓடுபாதை முனையிலிருந்து வெளிப்பக்கமாக, சாய்த்து வைத்த பலகை மாதிரி ஒரு தளத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இந்த அளவுச் சிறு ஓடுபாதைக்குச் சர்வதேச விதிப்படி அது முனையிலிருந்து 30 மீட்டர் தள்ளித் தொடங்கும். அங்கிருந்து 20 மீட்டருக்கு 1 மீட்டர் வீதம் உயரும். அந்தப் பலகையை எதுவும் குத்திக்கொண்டு மேலே வரக் கூடாது. 15 மீட்டர் மரம் 330 மீட்டருக்கு அப்பால் இருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. 200 மீட்டரில் இருந்தால் தொந்தரவு.

இதையே திருப்பிப் பார்த்தால்தான் விஷயம் உறைக்கும். பலகையைத் தொட்டுக்கொண்டு நிற்கும் மரம் ஒரு மீட்டர் வளர்ந்தால், இறங்குவதற்கான ஓடுபாதை 20 மீட்டர் தேய்கிறது. உள்ளே ஒரு பிடி மண்கூட அசையவில்லை, பக்கத்து நிலத்தில் இரண்டு நல்ல மழை பெய்தது, அவ்வளவுதான். வெட்ட மனமில்லை, வெட்ட முடியவில்லை என்றால் இறங்கும் இடத்தின் எல்லைக்கோட்டை உள்ளே நகர்த்தி வைப்பார்கள். கிளம்பும்போது பின்னாலிருக்கும் அந்தப் பகுதியிலும் ஓடிக்கொள்ளலாம், இறங்கும்போது மட்டும் அதைத் தொடக் கூடாது. ஓடுபாதையின் தொடக்கத்தில் வெள்ளை அம்புக்குறிகளோடு ஒரு பகுதி சும்மா கிடப்பதைப் பார்த்தால், அந்தப் பக்கம் ஏதோ ஒரு மரமோ கம்பமோ கட்டடமோ ஜெயித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மின்கம்பி மரத்தைவிட மோசம், கண்ணுக்கே தெரியாது. பைலட்கள் கம்பியைத் தேடுவதில்லை, கம்பங்களைத் தேடுவார்கள். இரண்டு கம்பம் தெரிந்தால் நடுவில் கம்பி இருக்கிறது என்று கொள்வார்கள். ஆரஞ்சு உருண்டைகளைக் கம்பியில் கோத்து வைப்பதும் இதற்காகத்தான். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், மரம் நடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை பேசிக்கொண்டால் வளர்ந்த மரத்தின்கீழ் நின்று சண்டை போட வேண்டியிருக்காது. குட்டையாக நிற்கும் மரவகை எத்தனையோ இருக்கின்றன.

ஒரே விமானம் எங்கள் வீட்டுக்கு மேலேயே திரும்பத் திரும்பச் சுற்றுகிறதே?

யாரோ கற்றுக்கொள்கிறார். மேலே சொன்ன செவ்வகத்தில் உங்கள் வீடு மாட்டிக்கொண்டது.

அந்த இரைச்சலில் பெரும்பங்கு எஞ்சினுடையது அல்ல, ப்ரொப்பெல்லர் நுனியுடையது. ஏறக்குறைய 1.9 மீட்டர் விட்டமுள்ள ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2,700 சுற்று சுற்றினால் நுனி வினாடிக்கு 270 மீட்டர் வேகத்தில் காற்றைக் கிழிக்கிறது. ஒலியின் வேகமே 340 தான். சுற்றைக் கொஞ்சம் குறைத்தாலே சத்தம் நன்றாக அடங்கும். அதனால் ஏறி முடித்ததும் சுற்றைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஊர் இருக்கும் பக்கத்தை விட்டு, திருப்பங்களை வலப்பக்கமாக மாற்றிக்கொண்ட தளங்களும் நிறைய உண்டு. 'சத்தம் அதிகம்' என்று மட்டும் சொல்லாமல் எந்த நாள், எந்த நேரம், எந்தப் பக்கம் என்று சொன்னால் காரியம் நடக்கும்.

கிளம்பும் முன் இறக்கையின் அடியில் ஏதோ குழாயைக் குத்தி நீல நிறமாக எடுத்துப் பார்க்கிறாரே?

எரிபொருள். பிஸ்டன் விமானங்களுக்கான பெட்ரோலில் பரவலாகப் புழங்கும் வகைக்கு நீலச் சாயம் போட்டிருப்பார்கள். ஜெட் எரிபொருளுக்குச் சாயம் கிடையாது. மாறிப் போனால் கண்ணில் தெரியட்டும் என்பதற்காக. இரவில் தொட்டிக்குள் ஈரம் படிந்தோ, மூடி வழியே மழை கசிந்தோ தண்ணீர் சேரும். தண்ணீர் கனம், அடியில் நிற்கும். அடியிலிருந்து எடுத்தால் நீலத்துக்குக் கீழே நிறமில்லாத ஒரு குமிழ் உருளும், அல்லது ஒரு கோடு தெரியும்.

நான் முதன்முதலில் இதைச் செய்தபோது குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குமிழ் இல்லை, கோடு இல்லை. "சுத்தம்" என்றேன். சொல்லிக்கொடுத்தவர் பேசாமல், "என்ன நிறம்?" என்று மட்டும் கேட்டார். நிறமே இல்லை. முழுக்கத் தண்ணீர், அதனால்தான் கோடு இல்லை. முகர்ந்து பார்த்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும். அன்றிலிருந்து நான் கோட்டைத் தேடுவதற்கு முன் நிறத்தைப் பார்க்கிறேன், அப்புறம் மூக்கருகே கொண்டுபோகிறேன்.

ஆளே இல்லாத இரவில் ஓடுபாதை விளக்கு திடீரென்று எரிகிறது!

பேய் இல்லை. வானத்தில் இருப்பவர் ரேடியோ பொத்தானை அழுத்தி விளக்கைப் போட்டிருக்கிறார். அமெரிக்க முறையில் ஐந்து வினாடிக்குள் மூன்று முறை அழுத்தினால் மங்கலாக, ஐந்து முறை என்றால் நடுத்தரமாக, ஏழு என்றால் முழு வெளிச்சமாக எரியும். 15 நிமிடத்தில் தானே அணைந்துவிடும்.

பட்டம், ட்ரோன் விடலாமா?

தளத்தின் அருகே வேண்டாம். ட்ரோனுக்கு அநேகமாக எல்லா நாட்டிலும் சட்டம் இருக்கிறது, தூரம் மட்டும் நாட்டுக்கு நாடு மாறும். பட்டத்தின் நூல், மின்கம்பியைவிடவும் கண்ணுக்குத் தெரியாத கம்பி.

எஞ்சின் நின்றுபோனால் எங்கள் வயலில் விழுமா?

விழாது, இறங்கும். இந்த வித்தியாசம் முக்கியம்.

எஞ்சின் நின்ற செஸ்னா 172 கல் மாதிரி விழுவதில்லை. காற்றில்லாத நாளில், ஒரு மீட்டர் இறங்குவதற்குள் சுமார் ஒன்பது மீட்டர் முன்னால் போகும். 300 மீட்டர் உயரத்தில் நின்றால் இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் தேடிப் பார்க்க அவகாசம் உண்டு. கிளம்பி 100 மீட்டர் ஏறியதுமே நின்றால்தான் கஷ்டம். திரும்பி ஓடுபாதைக்கே வந்துவிடலாம் என்று கை துடிக்கும். அந்தத் திருப்பத்திலேயே உயரமும் வேகமும் போய், இறக்கை பிடிப்பிழந்து இறந்தவர்கள் பலர். அதனால் மூக்கைத் தாழ்த்தி, முன்னால் எது இருக்கிறதோ அதில் இறங்கு என்றுதான் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொடுக்கிறார்கள்.

முன்னால் இருப்பது உங்கள் வயல். நல்ல பைலட்டுக்கு அதில் என்ன விளைகிறது என்பது உங்களுக்குத் தெரியும் அளவுக்குத் தெரியும். அறுவடை முடிந்த தாள்வயல் நல்லது. உழுத வயல் என்றால் உழவுசால் ஓடும் திசையில் இறங்க வேண்டும், குறுக்கே இறங்கினால் கவிழ்ந்துவிடும். ஆளுயரப் பயிர் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். கிளம்பும் முன் ஓடுபாதை முனையில் நின்று, இந்த வாரம் எந்த வயல் வெறுமையாக இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்பவர்களை எனக்குத் தெரியும். ஓடுபாதை முனைக்கு நேரே இருக்கும் வயலில் வீடுகளோ கொட்டகையோ எழும்பும்போது தளத்துக்காரர்கள் முகம் வாடுவது இதனால்தான்.

அப்படி ஒன்று இறங்கினால் முதலில் ஆட்களைப் பாருங்கள், அவசர உதவிக்குக் கூப்பிடுங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் வேண்டாம். உள்ளே யாரும் மாட்டியிருக்காவிட்டால் விமானத்தை நகர்த்தாதீர்கள், விசாரணைக்கு அது கிடக்கும் நிலை தேவை. இன்னொன்று பலருக்குத் தெரியாது: சிரஸ் போன்ற சில விமானங்களில் முழு விமானத்தையும் தாங்கும் பாராசூட் உண்டு, அதை வெளியே தள்ளுவது ஒரு ராக்கெட். விழுந்த அதிர்ச்சியில் வெடிக்காமல் உள்ளேயே இருக்கலாம். விமானத்தின் உடம்பின்மேல் ராக்கெட் எச்சரிக்கைக் குறி தெரிந்தால் அந்தப் பக்கம் நிற்காதீர்கள், அங்கே எதையும் வெட்டவோ இழுக்கவோ செய்யாதீர்கள். வரும் தீயணைப்புக்காரர்களிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

சில இடங்களில் வயலுக்கு நடுவே பெரிய சிமென்ட் பாதைகள் முக்கோணமாகக் கிடக்கின்றனவே?

போர் மிச்சம். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனில் மட்டும் நூற்றுக்கணக்கான தளங்கள் கட்டினார்கள். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் இறங்க வேண்டுமே என்று மூன்று ஓடுபாதைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டார்கள். முதன்மையானது 2,000 கஜம், மற்ற இரண்டும் 1,400 கஜம். போர் முடிந்ததும் சிமென்டின்மேல் கோழிப்பண்ணை வந்தது, தானியக் கிடங்கு வந்தது. தளத்தைச் சுற்றிப் போட்ட பாதை கார் ஓட்டுவதற்குத் தோதாக இருந்தது. 1950-ல் ஃபார்முலா 1 உலகச் சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயம் நடந்த சில்வர்ஸ்டோன், 1943-ல் குண்டுவீச்சு விமானங்களுக்கென்று திறந்த தளம்.

சரி, இதனால் சுற்றுவட்டாரத்துக்கு என்ன பயன்?

சாலை கெட்ட இடங்களில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆஸ்திரேலியாவில் 1928 மே மாதம் குவீன்ஸ்லாந்தின் க்ளோன்கர்ரி என்ற சிற்றூரிலிருந்து ஒரு மருத்துவர் சின்ன விமானத்தில் ஏறி நோயாளியைப் பார்க்கப் போனார். இன்றைய ராயல் பறக்கும் மருத்துவர் சேவை அப்படித் தொடங்கியதுதான். பண்ணை வீட்டை ஒட்டி ஒரு மண் பாதையைச் சமன்படுத்தி வைத்திருப்பது அங்கே உயிர்காப்பு.

நேபாளத்தின் லுக்லா 2,845 மீட்டர் உயரத்தில், மலைச்சரிவில் இருக்கிறது. நீளம் 527 மீட்டர், ஏறக்குறைய 12 சதவீதச் சரிவு. மேட்டை நோக்கி இறங்குவார்கள், பள்ளத்தை நோக்கிக் கிளம்புவார்கள். 1964-ல் எட்மண்ட் ஹிலாரி முன்னின்று அமைத்தபோது மண் கெட்டிப்படவில்லை என்று ஷெர்பாக்களைக் கைகோத்து மிதித்து ஆடவைத்ததாகச் சொல்வார்கள். தார் போட்டது 2001-ல்தான்.

எனக்குப் பிடித்தது ஸ்காட்லாந்தின் பாரா தீவு. ஓடுபாதை கடற்கரை மணல், விமான அட்டவணையைத் தீர்மானிப்பது கடல்நீர் ஏற்றஇறக்கம். அங்கே அறிவிப்புப் பலகை ஒன்று: காற்றுப்பை பறக்கும்போது கரையில் கால் வைக்காதீர்கள். பை இறக்கியிருந்தால் அது எல்லோருக்குமான கடற்கரை. வேலியே இல்லாமல் ஒரு விமானத்தளம் ஊரோடு ஒத்துப்போவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது.

உள்ளே வந்து பார்க்கலாமா?

கேட்டுவிட்டு வந்தால் பெரும்பாலும் சந்தோஷமாகவே காட்டுவார்கள். ஓடுபாதையைக் குறுக்கே கடக்காதீர்கள், எஞ்சின் சத்தமே இல்லாமல் கிளைடர் ஒன்று இறங்கலாம். ப்ரொப்பெல்லரைத் தொடாதீர்கள். சாவி பைலட் பையில் இருந்தாலும், எஞ்சினில் பொறி உண்டாக்கும் மாக்னெட்டோவுக்கு பேட்டரி தேவையில்லை. ஒரு வயர் அறுந்திருந்தால் கையால் லேசாகத் தள்ளினாலே சுற்றிவிடும். குழந்தையைத் தோளில் தூக்கிவைத்துக் காட்டுங்கள், இறக்கை உயரம் சரியாக இருக்கும்.

போகும்போது கேட்டைத் தாழிட்டுவிட்டுப் போங்கள். போன தடவை திறந்து கிடந்தபோது ஏழு மாடு உள்ளே வந்து ஓடுபாதை நடுவில் படுத்துக்கொண்டது. ஓட்டி முடிக்கும்வரை ஒருவர் முக்கால் மணி நேரம் மேலே சுற்றிக்கொண்டிருந்தார்.